வெள்ளைத் திரையும் கல்லிடைக்குறிச்சி அப்பளமும்: படுத்துப்போன வேர்ட்பிரஸ் தளத்தை எழுப்புவது எப்படி?

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போட்டு விற்கும் அக்கா ஒருவர் காலை ஏழு மணிக்குப் போன் செய்தார். "தம்பி, சைட்டு வெள்ளை வெளேர்னு நிக்கு. எழுத்தையும் காணும், படத்தையும் காணும்." கடைசியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணுமே செய்யலயே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நேத்து ராத்திரி மேல மஞ்சளா ஒரு அறிவிப்பு வந்துச்சு. அத மட்டும் அமுக்கினேன்" என்றார்.

'ஒன்றுமே செய்யவில்லை' என்கிற பேச்சுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு 'மட்டும்' ஒளிந்திருக்கும். அதனால் கடைசியாக யார் எதைத் தொட்டார்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. ஆனால் அன்றைக்கு அக்கா அமுக்கியது குற்றவாளி இல்லை என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் அல்வா, பத்தமடைப் பாய், அம்பாசமுத்திரத்து மரச் சொப்பு, கருப்பட்டி என்று விற்கிற சின்னக் கடைகளின் தளங்களில் என் கைக்கு வருபவை பெரும்பாலும் வேர்ட்பிரஸ்தான். 2003-ல் வந்த, இணையதளம் கட்ட உதவும் இலவச மென்பொருள். யாரோ தெரிந்த பையன் கட்டிக் கொடுத்துவிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போயிருப்பான். சாவி மட்டும் கடைக்காரர் கையில் இருக்கும். அப்படிச் சாவி கைக்கு வந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம். ஹோஸ்டிங், அதாவது உங்கள் தளம் குடியிருக்கும் வாடகை இடம், அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு மட்டும் கட்டாயம் வேண்டும். ஃபைல் பெயர்களை நான் போனில் சொல்வது போலவே தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.

முதலில்: படுத்தது தளமா, உங்கள் போனா?

வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். பிரவுசரில் இன்காக்னிட்டோ ஜன்னலில் ஒரு தரம் பாருங்கள். வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கு வாட்ஸப்பில் லிங்க் அனுப்பி, அவருக்குத் திறக்கிறதா என்று கேளுங்கள். அங்கே திறந்தால் தளம் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் பிரவுசர் பழைய பக்கத்தைப் பிடித்துவைத்திருக்கிறது, அல்லது உங்கள் இணைய இணைப்பில் கோளாறு.

எல்லோருக்கும் திறக்கவில்லை என்றால் உடனே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு யாரிடமாவது உதவி கேட்கும்போது "என்னமோ எரர்னு வந்துச்சு" என்று சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து, கூச்சப்படாமல் பணம் கட்டியாயிற்றா என்று பாருங்கள். தளத்தின் முகவரிப் பெயரான டொமைனுக்கு ஆண்டுக்கணக்கு, ஹோஸ்டிங்குக்கு வேறு கணக்கு. இரண்டும் பல நேரம் வேறு வேறு கம்பெனியில் இருக்கும். புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் எல்லாம் பெங்களூர் போன அந்தப் பையனின் பழைய ஐடிக்குப் போய்க் குவிந்துகொண்டிருக்கும். தளத்துக்குப் பதிலாக விளம்பரப் பக்கமோ, 'இந்த டொமைன் விற்பனைக்கு' என்பது போன்ற பக்கமோ வந்தால் பெரும்பாலும் டொமைன் காலாவதிதான். 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் மிரட்டினால் அது எஸ்எஸ்எல் சான்றிதழ் விவகாரம்; தளத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவே போவதைப் பூட்டி வைப்பது அதுதான். இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் 90 நாள்தான் செல்லும். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு எங்காவது அறுந்திருக்கும். ஹோஸ்டிங் பேனலில் எஸ்எஸ்எல் பகுதிக்குப் போய்ப் புதுப்பித்தால் போதும். அதற்கு முன் உங்கள் கணினியின் தேதி சரியா என்று பாருங்கள். தேதி பின்னால் போயிருந்தாலும் இதே மிரட்டல் வரும்.

கை வைக்கும் முன் ஒரு பிரதி

உடைந்த தளத்துக்கு எதற்குப் பிரதி என்று கேட்பார்கள். உடைந்ததை இன்னும் மோசமாக உடைக்கவும் முடியும், அதற்குத்தான். வேர்ட்பிரஸ் தளம் இரண்டு துண்டாக இருக்கிறது. ஃபைல்கள் ஒன்று, டேட்டாபேஸ் இன்னொன்று. படங்களும், தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமும் ஃபைல்களில். நீங்கள் எழுதியது, பொருள் விலை, ஆர்டர் எல்லாம் டேட்டாபேஸில். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பேனலான சிபேனலில் ஃபைல் மேனேஜரைத் திறந்து, தளம் இருக்கும் ஃபோல்டரை ஜிப் ஆக்கி இறக்கிக்கொள்ளுங்கள். அதே பேனலில் டேட்டாபேஸைத் திறந்து காட்டும் பிஎச்பி-மை-அட்மினில் டேட்டாபேஸைத் தேர்ந்து எக்ஸ்போர்ட் கொடுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்தால் அது பிரதியே ஆகாது.

எடுத்ததைக் கடையிலேயே வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் தாமிரபரணி ஏறி நின்றபோது, எனக்குத் தெரிந்த ஒரு கடையில் கல்லாப்பெட்டிக்குக் கீழே இருந்த ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து முங்கியது. பேக்கப் அதில்தான் இருந்தது. கூகுள் டிரைவிலும் ஒன்று போட்டுவையுங்கள்.

திரை என்ன சொல்கிறது?

திரையில் வரும் வாசகத்தைப் படிக்காமலே பயப்படுகிறவர்கள்தான் அதிகம். 'மெயின்டனன்ஸ் நடக்கிறது, ஒரு நிமிடத்தில் வாருங்கள்' என்கிற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தால் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது பாதியில் நின்றுவிட்டது. 10 நிமிடம் சும்மா இருங்கள். அதற்குமேல் வேர்ட்பிரஸே அந்தத் தடையைக் கண்டுகொள்ளாது. அப்படியும் நின்றால் தளத்தின் முதல் ஃபோல்டரில் 'புள்ளி மெயின்டனன்ஸ்' என்று ஒரு ஃபைல் இருக்கும் (கண்ணில் படாவிட்டால் ஃபைல் மேனேஜரின் செட்டிங்ஸில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள்), அதை நீக்குங்கள். பிறகு அந்த அப்டேட்டை மறுபடி ஓட்டுங்கள்.

'கிரிட்டிகல் எரர்' என்று வந்தால் அது நல்ல சகுனம் என்றுகூடச் சொல்வேன். 2019-ல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, எந்த ப்ளகின் (தளத்தோடு ஒட்டவைக்கும் கூடுதல் வசதி) சொதப்பியது என்பதை வேர்ட்பிரஸே கண்டுபிடித்து அட்மின் மின்னஞ்சலுக்கு ஒரு லிங்க் அனுப்பும். அந்த லிங்க் வழியாக உள்ளே போனால் கெட்ட ப்ளகின் உங்களுக்கு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். நிதானமாக அதை டீஆக்டிவேட் செய்யலாம். லிங்க் ஒரு நாள்தான் செல்லும். ஸ்பாம் ஃபோல்டரிலும் தேடுங்கள். மின்னஞ்சல் வரவே இல்லையென்றால் அட்மின் ஐடி யாருடையது என்று யோசியுங்கள். ஆம், பெங்களூர்.

வெறும் வெள்ளைத் திரையோ, '500' என்ற எண்ணோ வந்தால் லாக் பார்க்காமல் வேலை நடக்காது. தளத்தில் நடக்கும் கோளாறுகளை எழுதிவைக்கும் ஃபைல்தான் லாக்.

லாக்: எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளும் சாட்சி

முதல் ஃபோல்டரில் 'டபிள்யூபி-கான்ஃபிக்' என்று ஒரு பிஎச்பி ஃபைல் இருக்கும் (வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் கணினி மொழிதான் பிஎச்பி). அதை ஃபைல் மேனேஜரிலேயே எடிட் கொடுத்துத் திறங்கள். கீழ்ப்பகுதியில் 'டபிள்யூபி டீபக்' என்ற வரி இருக்கும்; அதில் 'ஃபால்ஸ்' என்பதை 'ட்ரூ' ஆக்குங்கள். அதே வரியை இரண்டு முறை காப்பி செய்து அதன் கீழேயே ஒட்டுங்கள். முதல் நகலில் பெயரை 'டபிள்யூபி டீபக் லாக்' என்று மாற்றி ட்ரூவாகவே விடுங்கள். இரண்டாவதில் 'டபிள்யூபி டீபக் டிஸ்ப்ளே' என்று மாற்றி ஃபால்ஸ் போடுங்கள். பெயர்ச் சொற்களுக்கு நடுவே இடைவெளி வராது, அண்டர்ஸ்கோர் வரும். ஏற்கெனவே இருக்கிற வரியைப் பார்த்தாலே புரியும். 'ஸ்டாப் எடிட்டிங்' என்று ஒரு குறிப்பு இருக்கும், அதற்கு மேலேதான் எல்லாம் இருக்க வேண்டும்.

வாட்ஸப்பிலோ வேர்டிலோ யாராவது அனுப்பிய வரியை அப்படியே ஒட்டாதீர்கள். அங்கே மேற்கோள் குறி வளைந்திருக்கும். பிஎச்பிக்கு நேராக நிற்கும் குறிதான் வேண்டும். வளைந்த குறி ஒன்று போதும், புதிதாக இன்னொரு வெள்ளைத் திரைக்கு.

சேமித்துவிட்டுத் தளத்தை ஒரு தரம் திறங்கள். வெள்ளையாகத்தான் இருக்கும், பரவாயில்லை. இப்போது 'டபிள்யூபி-கன்டென்ட்' ஃபோல்டருக்குள் 'டீபக்-லாக்' என்று ஒரு ஃபைல் பிறந்திருக்கும். அதன் கடைசியில் 'ஃபேட்டல் எரர்' என்று வரும் வரியைத் தேடுங்கள்.

அப்பள அக்காவின் தளத்தில் நான் பார்த்த வரி இப்படிப் போயிற்று: 'கிரியேட் ஃபங்ஷன்' என்ற ஒன்றைக் கூப்பிட்டார்கள், அப்படி ஒன்று இல்லவே இல்லை, கூப்பிட்ட இடம் இன்ன ஃபோல்டர், இன்ன ஃபைல், இன்ன வரி. இந்த மாதிரி வரியை முழுதாகப் புரிந்துகொள்ள முயல வேண்டாம். நடுவே நீளமாக ஒரு பாதை இருக்கும். அதில் 'ப்ளகின்ஸ்' என்ற சொல்லுக்கு அடுத்து வரும் பெயரைப் படியுங்கள். அதுதான் குற்றவாளி. 'ப்ளகின்ஸ்' இடத்தில் 'தீம்ஸ்' என்று இருந்தால் தீம்.

அக்காவின் வரியில் இருந்தது, படங்களை வரிசையாக ஓட்டிக்காட்டும் ஒரு பழைய ஸ்லைடர் ப்ளகின். 'கிரியேட் ஃபங்ஷன்' என்பது பிஎச்பி 8-ல் நீக்கப்பட்டது. 8.0 வந்தது 2020 நவம்பரில். அதற்கு முந்தைய 7.4-க்கு ஆதரவு 2022 நவம்பரோடு முடிந்தது. விஷயம் என்னவென்றால், முந்தின இரவு ஹோஸ்டிங் கம்பெனியே பிஎச்பியை உயர்த்தியிருந்தது. முன்கூட்டியே தகவலும் அனுப்பியிருக்கிறார்கள், பழைய ஐடிக்கு. அக்கா அமுக்கிய மஞ்சள் அறிவிப்பு சாதாரண வேர்ட்பிரஸ் அப்டேட். அது சமர்த்தாக முடிந்திருந்தது. பாவம், தன் கைதான் காரணம் என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் இருந்திருக்கிறார். யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் லாக் சொல்வதை நம்புங்கள்.

அவசரத்துக்கு பேனலில் பிஎச்பியைப் பழைய பதிப்புக்கு இறக்கித் தளத்தை எழுப்பலாம். ஆனால் அது தற்காலிகம்தான். அக்காவுக்கு நான் ஸ்லைடரையே எடுத்துவிட்டேன். அப்பளப் படம் ஓட வேண்டிய அவசியம் என்ன, நின்றால் போதும்.

பெயர் மாற்றும் வித்தை

அட்மின் பக்கமே திறக்காதபோது ப்ளகினை நிறுத்த எளிய வழி, 'டபிள்யூபி-கன்டென்ட்' உள்ளே 'ப்ளகின்ஸ்' ஃபோல்டருக்குப் போய், குற்றவாளியின் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் 'ஓல்ட்' என்று சேர்ப்பதுதான். வேர்ட்பிரஸால் அதைக் கண்டுபிடிக்க முடியாது; விட்டுவிட்டு மேலே ஓடும்.

லாக்கும் கைகொடுக்கவில்லை, யார் என்றே தெரியவில்லை என்றால் 'ப்ளகின்ஸ்' ஃபோல்டரையே பெயர் மாற்றுங்கள். தளம் எழுந்தால் கோளாறு உள்ளே ஏதோ ஒன்றில் என்று உறுதி. இந்த இடத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பெயரை மாற்றியதும் அட்மினுக்குள் போய் ப்ளகின்கள் பக்கத்தை ஒரு தரம் திறந்துவிடுங்கள். அப்போதுதான் வேர்ட்பிரஸ் அவற்றை எல்லாம் 'ஓடவில்லை' என்று கணக்கில் எழுதும். திறக்காமலே பழைய பெயரைத் திருப்பி வைத்தால் அத்தனையும் மறுபடி உயிர்பெற்று, தளம் மறுபடி விழும். கணக்கில் எழுதிய பிறகு பெயரைத் திருப்பி வைத்து, ஒவ்வொன்றாக ஆக்டிவேட் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் தளத்தைத் திறந்து பார்க்க வேண்டும். இரண்டு மூன்றை ஒன்றாகப் போட்டுவிட்டு எது விழவைத்தது என்று தேடுவது, மூன்று பேர் உப்புப் போட்ட குழம்பில் யார் போட்டது அதிகம் என்று கேட்பது மாதிரி.

தீமுக்கும் இதே வித்தைதான். 'ட்வென்டி' என்று தொடங்கும் வேர்ட்பிரஸின் சொந்த தீம் ஒன்றாவது ஃபோல்டரில் இருக்க வேண்டும். தோற்றம் பகுதியைத் திறந்ததும் அதற்கு மாறிக்கொள்ளும். யூடியூபில் பார்த்து தீமின் 'ஃபங்ஷன்ஸ்' ஃபைலில் எதையாவது ஒட்டினீர்களா? அப்படியானால் பெயர் மாற்றமெல்லாம் எதற்கு, ஒட்டியதை எடுங்கள்.

முதல் பக்கம் மட்டும் திறக்கிறது

உள்பக்கம் எதைத் தொட்டாலும் 'பக்கம் இல்லை' என்னும் 404 என்றால் சந்தோஷப்படுங்கள். அட்மினில் அமைப்புகள், அதற்குள் பெர்மாலிங்க்ஸ். எதையும் மாற்றாமல் சேமி பொத்தானை அமுக்குங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான். சரியாகாவிட்டால் முதல் ஃபோல்டரில் 'புள்ளி ஹெச்டி-ஆக்சஸ்' ஃபைலைப் பெயர் மாற்றிவிட்டு மறுபடி சேமியுங்கள், புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளும். புள்ளியில் தொடங்கும் ஃபைல்கள் ஒளிந்திருக்கும். ஃபைல் மேனேஜரின் செட்டிங்ஸில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்ல வேண்டும்.

டேட்டாபேஸ் இணைப்பு இல்லை என்கிறது

'டபிள்யூபி-கான்ஃபிக்' ஃபைலில் டேட்டாபேஸ் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு, ஹோஸ்ட் என்று நான்கு வரி இருக்கும். நான்கையும் ஹோஸ்டிங் பேனலில் இருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். சிபேனலில் பெயருக்கு முன்னால் கணக்கின் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். ஹோஸ்ட் மாற்றும்போது அதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. யாராவது பேனலில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு இங்கே மாற்ற மறந்திருக்கலாம்.

நான்கும் சரியாக இருந்தால் வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பேக்கப் ப்ளகின் ஒன்று தினமும் அதே ஹோஸ்டிங்கிலேயே பிரதி எடுத்து அடுக்கி, கடைசியில் தளத்துக்கே மூச்சுவிட இடமில்லாமல் செய்துவிடும். இடமும் இருக்கிறது என்றால் அவர்களுடைய டேட்டாபேஸ் சர்வரே விழுந்திருக்கலாம். அது உங்கள் கையில் இல்லை, புகார் போட்டுவிட்டுக் காபி குடியுங்கள்.

தமிழ் எழுத்து மட்டும் கெட்டுப்போனால்

ஆங்கிலத்தில் எழுதும் வழிகாட்டிகள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பத்தமடையில் கல்யாணப் பாய் நெய்து தருகிறவர்கள் மணமக்கள் பெயரைப் பாயிலேயே சேர்த்து நெய்வார்கள். அப்படி ஒருவர், ஹோஸ்ட் மாற்றிய மறு வாரம் ஓர் ஆர்டரைக் காட்டினார். மாப்பிள்ளை பெயர் கட்டத்தில் ஏழு கேள்விக்குறி. பெண் பெயர் கட்டத்தில் ஒன்பது. "இத எப்படித் தறியில ஏத்த?" என்றார்.

எழுத்து கெடுவதில் இரண்டு வகை உண்டு. தலையில் கோடும் புள்ளியுமாக ஐரோப்பிய எழுத்துகள் நீளமாக வந்தால் உங்கள் தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது. தப்பான கண்ணாடி போட்டுப் படிக்கிறது, அவ்வளவுதான். 'டபிள்யூபி-கான்ஃபிக்' ஃபைலில் 'டிபி சார்செட்' வரியை யாராவது மாற்றினார்களா என்று பார்த்துப் பழைய மதிப்பையே வையுங்கள். இந்த நிலையில் டேட்டாபேஸைத் தானே 'சரிசெய்யும்' எதையும் ஓட்டாதீர்கள். ஆனால் வரிசையாகக் கேள்விக்குறி என்றால் எழுத்து சேமிக்கும்போதே தொலைந்துவிட்டது. திரும்ப வராது.

பாய்க்காரர் தளத்தில் நடந்தது இரண்டாவது. டேட்டாபேஸை நடத்தும் மென்பொருளான மைஎஸ்க்யூஎல், 8.0-க்கு முன்பு, சொல்லாமல் விட்டால் டேபிளை லத்தீன் எழுத்துக்கானதாகவே உருவாக்கும். புது ஹோஸ்டில் ஆர்டர் ஃபார்ம் ப்ளகின் தன் டேபிளை அப்படி உருவாக்கிக்கொண்டது. லத்தீன் டேபிளுக்குத் தமிழ் தெரியாது, ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்துவிட்டது. பிஎச்பி-மை-அட்மினில் அந்த டேபிளைத் திறந்து, ஆபரேஷன்ஸ் பகுதியில் கொலேஷனை (எந்த மொழி எழுத்துக்கானது என்னும் அமைப்பு) 'யுடிஎஃப்8-எம்பி4 யூனிகோட்' என்று மாற்றி, டேபிளின் எல்லா நெடுவரிசைகளுக்கும் மாற்றச் சொல்லும் கட்டத்தையும் டிக் செய்தேன். அதன்பின் வந்த பெயர்கள் சரியாக விழுந்தன. தொலைந்த பெயர்கள்? அதே ஃபார்ம் கடைக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பியிருந்தது. அதில் தமிழ் முழுசாக இருந்தது. பாய் தப்பித்தது.

இன்னொன்று உடைசல் மாதிரித் தெரியும், உடைசல் இல்லை. தமிழில் தலைப்பு வைத்தால் லிங்க்கின் வால் அறுந்திருக்கும். லிங்க்கின் பெயர்ப்பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கும் இடம் 200. ஒரு தமிழ்க் குறி உள்ளே 9 இடம் பிடிக்கும். புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக 9. 'கல்லிடைக்குறிச்சி' மட்டுமே 153. 'கல்லிடைக்குறிச்சி அப்பளம்' என்று வைத்தால் அது 'அப்பள' என்பதோடு நின்றுவிடும். பக்கத்தை வெளியிடும் முன்பே லிங்க்கை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக மாற்றிவிடுங்கள். வாட்ஸப்பில் அனுப்பவும் வசதி.

உங்களுக்குச் சரி, வாடிக்கையாளருக்கு மட்டும் சூதாட்டம்

நீங்கள் முகவரியைத் தட்டினால் தளம் ஒழுங்காக வருகிறது. கூகுளில் தேடி போனில் தொடுகிறவர்களுக்கு மட்டும் வேறு ஏதோ தளம் திறக்கிறது என்றால் யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள். ஓசியில் கிடைத்த விலையுள்ள தீம் எங்காவது போட்டிருந்தால் அதையே முதலில் சந்தேகிப்பேன். எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பயனர் பட்டியலில் தெரியாத அட்மின் இருக்கிறாரா என்று பாருங்கள். படங்கள் இருக்க வேண்டிய 'அப்லோட்ஸ்' ஃபோல்டரில் பிஎச்பி ஃபைல் இருந்தால் அது விருந்தாளி இல்லை. இதற்குமேல் புதியவர் தனியாகப் போக வேண்டாம், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

ஹோஸ்டிங் கம்பெனிக்கு எழுதும்போது

'சைட் வேலை செய்யவில்லை, அவசரம்' என்று எழுதினால் வருவது ஆயத்தப் பதில்தான். எந்த முகவரி, எத்தனை மணியிலிருந்து, திரையில் வந்த வாசகம், லாக்கின் அந்த ஒரு வரி, நீங்கள் இதுவரை செய்து பார்த்தது, இவ்வளவையும் ஐந்து வரியில் எழுதி ஸ்கிரீன்ஷாட்டும் வையுங்கள். முந்தைய நாள் பேக்கப் அவர்களிடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல கம்பெனிகள் வைத்திருக்கும், கேட்டால்தான் சொல்வார்கள். பழைய பேக்கப்பைத் திருப்பிப் போட்டால் அதற்குப் பிந்தைய ஆர்டர்கள் அழியும், அவற்றை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தளம் எழுந்ததும் டீபக் வரியை ஃபால்ஸுக்குத் திருப்பி, மற்ற இரண்டு வரிகளையும் எடுத்து, லாக் ஃபைலையும் அழித்துவிடுங்கள். அதை விட்டுவைத்தால் வெளியார் படிக்கவும் முடியும், வட்டையும் நிரப்பும். அட்மின் மின்னஞ்சலை உங்கள் ஐடிக்கு மாற்றுங்கள். அப்புறம் மொபைல் டேட்டாவில் திறந்து, ஒரு பொருளைக் கூடையில் போட்டு, கடைசிவரை ஓர் ஆர்டர் போட்டுப் பாருங்கள். பெயர்க் கட்டத்தில் 'சோதனை' என்று எழுத மறக்க வேண்டாம். நான் மறந்தேன், அக்கா அன்று மத்தியானமே இரண்டு கிலோ உளுந்து அப்பளத்தைப் பார்சல் கட்டி, என் பெயரை எழுதி, பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.